கவிழ்த்து வைத்த பேசின்

காலை ஐந்து இருபதுக்குச் சமையலறை இருட்டில் முதலில் தெரிந்தது ஒரு சிறிய சிவப்பு விளக்கு. உடனே பஸர் கத்தியது. வாளிக்குள் தொங்கவிட்ட இரண்டு கம்பிகளையும் குழாய்த் தண்ணீர் தொட்டதும் சத்தம் எழும்படி, மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லுக்கு நான் எழுதிய முதல் நிரல் அது.

"இந்தக் கத்தலுக்கா ஒரு மாசமா வயரோட மல்லுக்கட்டினீங்க? புள்ள முழிச்சிரும். அது மேல ஒரு துணியப் போடுங்க," என்றாள் மனைவி.

மாத்தளையில் நான் வளர்ந்த வீட்டிலும் விடியுமுன் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அம்மா படுக்கப் போகும்போதே குழாயைத் திறந்துவிட்டு, அடியில் அலுமினியப் பேசினைக் கவிழ்த்து வைப்பார். முதல் தண்ணீர் விழுந்ததும் வீடே அதிரும். எழுந்து பாத்திரங்களை நிரப்புவோம்.

அப்பா நோயில் விழுந்தபின் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு விழிப்பார். பிறகு இருமல் நிற்காது. ஒருநாள் இரவு அம்மா பேசின்மேல் பழைய துவாயை மடித்துப் போட்டார்.

"இன்னைக்காவது மனுசன் நல்லாத் தூங்கட்டும்."

யாரும் எழவில்லை. விடிந்தபோது துவாய் நனைந்திருந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. அப்பாவின் உடம்பு சில்லிட்டிருந்தது. குளிப்பாட்ட வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை.

நாங்கள் ராத்தா என்று அழைக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா வேலியருகே வந்து, "அழாதீங்க தங்கச்சி, எங்கட கெணத்துல அள்ளிக்கோங்க," என்றார். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

பஸரை நிறுத்திவிட்டு வாளியை மாற்றினேன். பஸர்மேல் துணி போடவில்லை.