காந்தத்தை அழுத்திப் பிடித்த கை

என் மனைவியிடம் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. அவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. முதலில் சில மாதம் மருந்து ஏற்ற வேண்டும், பிறகுதான் அறுவை என்றார் பெங்களூரு மருத்துவர். அவள் மாட்டேன் என்றாள். ஊத்தங்கரையில் அவளுடைய அக்கா அதே மருந்தில் வாந்தியெடுத்து நைந்துபோனதைக் கூடவே இருந்து பார்த்தவள்.

நான் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். அறிவியல் இதழ்கள் படிப்பேன். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்களில் மருந்தை ஏற்றி, உடம்புக்கு வெளியே காந்தம் வைத்துக் கட்டியிடம் இழுக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. மற்ற உறுப்புகள் தப்பிக்கும் என்பது நம்பிக்கை. அவளுக்கு எழுதிய மருந்து அது இல்லை. "உனக்குக் குடுக்கப்போறது அந்த மருந்துதான்" என்று, காந்தம் இழுக்கும் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அப்ப காந்தம் எங்க?" என்றாள்.

எந்திரத்தடியில் சிதறும் இரும்புத் தூளை எடுக்க வைத்திருந்த வட்டக் காந்தம் ஒன்று வீட்டில் கிடந்தது. கொடுத்தேன். மருந்து இறங்கும் நேரமெல்லாம் அதைக் கைக்குட்டையில் சுற்றி, இடது மார்பில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தாயத்தாம்மா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல கண்ணு, சயின்ஸு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் முறைக்குப் பிறகு முடி கொத்தாக வந்தது. வாந்தி நிற்கவில்லை. ஒரு மதியம் கண்ணாடி முன் நின்று காந்தத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல நான்தாங்க கைய நழுவ உட்டுட்டன். மருந்து தலைக்கு ஏறிக்கிச்சு. டாக்டருகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவாரு."

அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் தப்பு இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு தப்பும் இல்ல."

"கை மரத்துப்போற மட்டும் புடிச்சிருந்தன். பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

இனி சிகிச்சைக்கு வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போகவேண்டிய காலையில் புடவை மாற்றி, தலையில் துண்டு கட்டி, வாசலில் நின்றாள். காந்தம் பீரோக் கதவில் ஒட்டியிருந்தது.

"டாக்டரு எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லட்டும். நடுவுல நீங்க வேணாம்."

பெங்களூரு பஸ்ஸில் மருத்துவச் சீட்டுகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அத்திப்பள்ளி நெரிசலில் அவள் தலை தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தது. சட்டென விழித்துப் பார்த்தாள்.

"எலும்பு குத்துது" என்று சொல்லி, முந்தானையை மடித்து என் தோளில் வைத்து, மறுபடி சாய்ந்துகொண்டாள்.