டார்ச் அக்காவும் அந்த ஒரு வரியும்

காலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார் டார்ச் அக்கா. டார்ச் அடித்து இடம் காட்டும் அவரை அரங்கில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இருட்டில் எனக்கு முன்னால் போனவரின் காலடியில் வெளிச்சத்தை வட்டமாக விழவைத்து, என் காதோரம் முணுமுணுத்தார். "பளபளன்னு ஷூ போட்டிருந்தா ஓசி பாஸ் சார். தேஞ்ச செருப்புதான் டிக்கெட் வாங்கி வந்திருக்கும்." நான் என் ஷூவை வெளிச்சத்திலிருந்து நகர்த்திக்கொண்டேன். பத்திரிகைக்காரனுக்கு ஏது டிக்கெட்?

நூற்றுப்பத்து வயதான நாடக அரங்கு அது. மாடிக்குப் போகும் வழியில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் உயரம். இருபத்தாறு வருடமாக "பாத்து, பாத்து" என்று சொல்லிச் சொல்லி, இப்போது காய்கறிக் கடையிலும் முன்னால் போகிறவர்களிடம் அக்காவின் வாய் தானாகச் சொல்லிவிடுகிறதாம். கட்டியவர் கூரையை நினைத்துத் தூண்களை நட்டிருக்கிறார், பார்க்க வருகிறவர்களை நினைக்கவில்லை. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள் சண்டைக்கு வந்தால் அக்காவிடம் பதில் தயார்: "இங்கதான் சார் பாட்டு சுத்தமா கேக்கும். மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போறீங்க?" பாதிப்பேர் நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். நானும் உட்கார்ந்தேன்.

அன்று புதிய இசை நாடகத்துக்கு முதல் நாள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அரங்கின் லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர் உள்ளேயிருந்து யாரையோ அதட்டியிருக்கிறார். அந்தக் கனத்த குரலுக்கு மயங்கிய இயக்குநர், ரயில் நிலையக் காவலாளி வேஷத்தைக் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேர நாடகத்தில் அவர் தனியாகப் பாட ஒரே ஒரு வரி: "கடைசி வண்டி வருது, கண்ணைத் துடைச்சுக்கோங்க."

நான்கு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. பல் தேய்க்கும்போது கடைசி வண்டி, துணி காயப்போடும்போது கடைசி வண்டி. எதிர்வீட்டுக் குழந்தைக்குக்கூட மனப்பாடம். அவருக்கு மட்டும் ஒத்திகையில் மேடை ஏறினாலே முதல் வார்த்தை மறந்துபோகும். அதை யாராவது எடுத்துக்கொடுத்தால் மீதி தானாக வந்துவிடும். இன்றும் சொதப்பினால் நாளையிலிருந்து அந்த வரி பக்கத்தில் நிற்பவருக்கு என்று இயக்குநர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"போனாப் போகுது சார். வீடாவது அமைதியா இருக்கும்" என்றார் அக்கா. அப்படிச் சொன்னவர் இடைவேளைக்குள் என்னிடம் மூன்று தடவை மணி கேட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு தம்பதியை வேறு யாருடைய இடத்திலோ உட்காரவைத்துவிட்டு வந்தார்.

கடைசிக் காட்சி. இசை எழும்பி வந்து, அந்த வரிக்காக நின்றது. நான் தூணைத் தாண்டிக் கழுத்தை நீட்டினேன். காவலாளி வாயைத் திறந்தபடி நின்றார். சத்தம் வரவில்லை. பியானோக்காரர் அதே சுரத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அக்கா நடைபாதையின் நடுவில் போய் நின்றார். டார்ச்சைத் திருப்பி, தாடைக்குக் கீழே பிடித்து, தன் முகத்திலேயே வெளிச்சம் அடித்துக்கொண்டார். அரங்கமே திரும்பிப் பார்க்க, வாயை அகலமாகத் திறந்து, ஒலியில்லாமல், 'கடைசி' என்றார்.

மேடையிலிருந்து கனத்த குரல் கிளம்பியது. வரி முடியும்வரை அக்கா டார்ச்சை அணைக்கவில்லை, கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தார்.