இடது கைக்கான நூல்

இதைக் கற்பனை என்று எண்ணி வாசிக்க வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தென்கரையில், எங்கள் தெருவிலேயே வசிக்கும் க்ளெண்டா நிக்கல் அம்மையாருக்கு உண்மையாகவே நேர்ந்தது இது. அவர் என்னிடம் கூறியதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

நவம்பர் மாதக் கடைசித் திங்களன்று எங்கள் கரையில் சிங்கி இறால் பருவம் தொடங்கும். விடியுமுன்னரே படகுகள் அனைத்தும் இறால் பிடிக்கும் கூண்டுகளைச் சுமந்துகொண்டு கடலுக்குள் செல்லும். க்ளெண்டாவின் ஒரே மகன் வேட், அவற்றுள் ஒரு படகுக்குச் சொந்தக்காரன். கணவரைக் கடலிடம் பறிகொடுத்தவர் க்ளெண்டா. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பாக, மகனுக்கு வெள்ளைக் கம்பளிக் கையுறைகளைத் தம் கையாலேயே பின்னி முடித்துவிடுவார். அவற்றைக் கையின் அளவைவிட மிகப் பெரிதாகப் பின்ன வேண்டும். கடல்நீரில் நனைய நனைய அவை சுருங்கி, தோலைப் போலக் கையைப் பற்றிக்கொள்ளும்.

அவ்வாண்டு வலக்கை உறை முடிந்துவிட்டது. இடக்கைக்கு நூல் போதவில்லை. வேறு நூலில் பின்னினால் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்கிவிடும். அதே நூலைத் தேடிச் சனிக்கிழமை பிற்பகல் க்ளெண்டா புறப்பட்டபோது, வேட் சமையலறையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தான். உடன் அவன் படகில் வேலை செய்யும் கெண்டல் க்ரௌஸும் இருந்தான்.

“ஒத்தக் கையுறையோட போனா இறாலெல்லாம் சிரிக்கும்மா” என்றான் வேட்.

“உனக்காவது ஒண்ணு இருக்கு. எங்கம்மாவுக்கு ஊசிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது” என்றான் கெண்டல். மூவரும் சிரித்தார்கள்.

வெளியே கடுமையான மூடுபனி. வெர்னா ஹிமல்மன் தனியொருவராக நடத்திவரும் நூல்கடைக்குள் க்ளெண்டா நுழைந்தபோது, சுவர்க் கடிகாரம் நான்கு மணியைத் தாண்டியிருந்தது. சன்னலோர நாற்காலியில் ஒரு பெண்மணி குனிந்து பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் அது புதிதன்று. யாராவது ஒருவர் தம் பின்னலுடன் வந்து பொழுதெல்லாம் அமர்ந்திருப்பது வழக்கமே. க்ளெண்டா மரியாதையாகத் தலையசைத்தார். அங்கிருந்து பதில் அசைவு இல்லை.

வெர்னா அலமாரிகளைத் துழாவி, அதே நூலில் எஞ்சியிருந்த ஒரே சிட்டத்தைக் கண்டெடுத்தார். சிட்டத்தை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். அதற்கென மேசையில் இருந்த சுழலும் மரச்சட்டத்தில் அதை மாட்டினார். அப்போது நிலவறையில், கடையைச் சூடாக்கும் வெந்நீர்க் கொப்பரை தடதடவென்று அதிர்ந்து நின்றது.

“இந்தச் சனியன் மறுபடியும் அணைஞ்சிருச்சு. நீயே சுத்திக்கோ, க்ளெண்டா. அதுக்குள்ள தட்டுல இருக்கற பிஸ்கட்டையெல்லாம் காலி பண்ணிடாத” என்று கூறிவிட்டு வெர்னா படியிறங்கினார்.

காலடி ஓசை அடங்கியது. பின்னல் ஊசிகளின் ஓசை மட்டும் மிஞ்சியது.

டிக்… டிக்…

க்ளெண்டா நூலின் நுனியைத் தேடினார். அகப்படவில்லை. சட்டம் தானாகவே சிறிது திரும்பிற்று. நின்றது. மீண்டும் திரும்பிற்று. கதவிடுக்கில் வரும் காற்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

அந்தப் பெண்மணியின் மடியில் இருந்ததும் வெள்ளைக் கையுறைதான். இடக்கை. ஆனால் எத்துணைப் பெரியது! பேச்சுக் கொடுக்க எண்ணிய க்ளெண்டா, சுருங்கிய பிறகும் அது பெரிதாகவே இருக்குமே என்று தயங்கித் தயங்கிக் கூறினார்.

குனிந்த தலை நிமிரவில்லை.

“சுருங்க வேண்டாம். தண்ணியில கிடந்தா கை ஊதிரும்.”

அப்போதுதான் க்ளெண்டா அந்த வாடையை உணர்ந்தார். கம்பளி வாடை அன்று. கடற்பாசி வாடை. நாற்காலியின் கீழே தரைவிரிப்பு கருமையாக நனைந்திருந்தது.

டிக்… டிக்…

மடியில் நூலுருண்டை இல்லை. பையும் இல்லை. அப்படியானால் எந்த நூலில் பின்னுகிறார்?

ஊசியிலிருந்து இறங்கிய இழை தரையில் ஓடியது. மேசையடியில் மறைந்தது. மறுபக்கம் மேலேறியது…

க்ளெண்டாவின் சிட்டத்தில் முடிந்தது.

ஊசி ஒருமுறை அசைந்தது. சட்டம் ஒருமுறை திரும்பியது.

“உன் பையன் கைக்கு எத்தனை கண்ணி போடுவ?”

சொல்லக் கூடாது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தார். இழையை வெட்டினார்.

ஊசிகள் நின்றன.

“இவன் வேணாமா?”

க்ளெண்டா கதவை நோக்கிப் பின்னோக்கி நகர்ந்தார்.

“அப்ப… யாரு?”

தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.

க்ளெண்டா ஓடினார்.

அன்றிரவும் மறுநாளும் மகனிடம் மன்றாடினார். இந்த ஒரு நாள் மட்டும் போகாதே என்றார். யாரோ ஒரு பெண்மணி பின்னியதைக் கண்டு பயந்து வீட்டில் முடங்கினால், துறைமுகத்தில் தலைகாட்ட முடியாது என்று வேட் சிரித்தான். வழக்கமாகக் கடையில் விற்கும் ரப்பர் கையுறைகளை எடுத்துக்கொண்டு திங்களன்று இருட்டிலேயே புறப்பட்டுவிட்டான்.

நண்பகலுக்கு முன்பாகவே படகு திரும்பிவிட்டது. வேட் உயிருடன் வந்தான். கெண்டல் வரவில்லை. இறங்கும் கூண்டின் கயிறு அவனது இடது கையைச் சுற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துச் சென்றுவிட்டதாம்.

வெர்னாவிடம் பிறகு க்ளெண்டா விசாரித்தார். சன்னலோர நாற்காலியில் அன்று முழுவதும் யாருமே அமரவில்லை என்றார் வெர்னா. தாம் மேலே வந்தபோது மரச்சட்டம் காலியாக இருந்ததென்றும், நூலை க்ளெண்டாதான் கொண்டு சென்றிருப்பார் என்று எண்ணியதாகவும் கூறினார்.

தேவாலயத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. கெண்டலின் தாயார் ஃபே முன்வரிசையில் அமர்ந்திருந்தார். க்ளெண்டாவைக் கண்டதும் எழுந்து வந்து, அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். சனிக்கிழமையன்று சட்டைப் பொத்தான் வாங்க அதே கடைக்குச் சென்றாராம். க்ளெண்டா மூடுபனியில் ஓடுவதைக் கண்டு கூப்பிட்டாராம். காதில் விழவில்லை போலும். உள்ளே வெர்னா இல்லை. சன்னலோரத்தில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தார். பின்னி முடித்த கையுறை ஒன்றை ஃபேயிடம் நீட்டினாராம்.

“ரொம்பப் பெருசா இருந்துச்சு. இருந்தாலும் கெண்டல் ஆசையாப் போட்டுக்கிட்டான். அவனுக்குன்னு யாரும் பின்னிக் குடுத்ததே இல்ல பாருங்க” என்றார் ஃபே.

“உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்கதான் அவன் பேரைச் சொன்னீங்களாமே. அந்தம்மா சொன்னாங்க.”

க்ளெண்டா அன்று அந்தக் கடையில் எவர் பெயரையும் சொல்லவில்லை.

நினைத்தது மட்டும்தான்.