என் மகளின் சின்னத் தலை

பிறந்தபோதே என் மகளின் தலை சிறியதாக இருந்தது. கிளினிக்கில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளப்பார். அட்டையில் குறித்துக்கொள்வார். மூன்று வயதாகியும் அவள் உட்காரவில்லை. பேச்சு வரவில்லை, வலிப்புதான் வந்தது.

அவள் வயிற்றில் இருந்தபோது நான் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சாலிடரிங் வேலை பார்த்தேன். "நீ அந்த வேலைய விட்டிருந்தா புள்ள நல்லா இருந்திருக்கும்" என்று கணவர் ஒருநாள் கோபத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அந்த ஈயப் புகைமேல்தான் சந்தேகம்.

பிறகு எங்கள் மூவருக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஜொகூர் பாருவில் முடிவைச் சொன்ன டாக்டர் தமிழர்.

"கருவுல மூளை உருவாகறப்ப ஸ்டெம் செல்லுங்க முதல்ல தங்களையே பெருக்கிக்கணும். அப்புறம்தான் நரம்பு செல்லா மாறணும். அந்த நேரத்தப் பாத்துக்கிற ஜீன்லதான் கோளாறு. பெருகி முடிக்கறதுக்குள்ள மாறிடுச்சு. அதான் மூளை சின்னதா நின்னுபோச்சு."

"புகையாலயா டாக்டர்?" என்றேன்.

"இல்லம்மா. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கோளாறான ஜீன் ஒண்ணு உங்ககிட்டருந்து, இன்னொண்ணு அவர்கிட்டருந்து வந்திருக்கு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் நல்லது ஒண்ணு இருக்கறதால உங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"சரி பண்ண முடியுமா?" என்றார் கணவர். டாக்டர் தலையசைத்தார், முடியாது.

காரில் ஏறியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "உன்னப் போய்ச் சொல்லிட்டேன்லா" என்று ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதார். அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டபோது நிம்மதி வரவில்லை. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த குழந்தைக்கும் இப்படி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவர் என் கணவர். "வேணாம், இவள மட்டும் பாத்துக்குவோம்" என்று அவரே சொன்னார்.

ஆறு வயதில், ஒரு மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. அது நுரையீரலுக்கு இறங்கி ஒரே வாரத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. "அவளுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை" என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். அவள் இருந்தவரை, என் கன்னத்தை அவள் கன்னத்தில் வைத்தால் அவள் மூச்சின் வேகம் மெல்லத் தணிந்து நிதானமாகும். அவள் என்னை அறிந்திருந்தாள். எனக்கு எந்த விடுதலையும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள்.

"ஒரு பொண்ணு" என்பேன்.

"என்ன படிக்கிறா?" என்று அடுத்துக் கேட்பார்கள்.