முப்பத்தொரு தாளிலும் காலியாக இருந்த இடம்

நகராட்சிப் பூங்காப் பிரிவில் வரைபடம் போடுகிறவள் அவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ட்ரேஸிங் அக்கா. அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. ‘இதோ நிரந்தரம் ஆகிடும், அதோ ஆகிடும்’ என்று சொல்லியே அவள் தலையில் பாதியை நரைக்க வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். வீட்டில் அவளும் எட்டு வயது மகளும் மட்டும்தான்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், வினை அங்கேதான் ஆரம்பித்தது. சிறுவர் பூங்கா என்றால் முதலில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அந்த மனைக்கே கூட்டிப்போய் ஒரு மணி நேரம் ஓடவிடுவாள். பிறகு ஆளுக்கொரு ட்ரேஸிங் தாள். அதில் சுவரும் வாசலும் மட்டும் இருக்கும். எது வேண்டும், எங்கே வேண்டும் என்று அவர்களே வரைய வேண்டும். அத்தனையையும் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அடுக்கி வைத்து ஒரே தாளில் படியெடுப்பாள். எங்கே கோடுகள் குவிந்து கறுக்கின்றனவோ அங்கே அந்தப் பொருள். விளையாடப்போகிறவர்களை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பது என்பாள். நியாயம்தானே!

பழைய மர அறுவைப் பட்டறை இருந்த மனைக்கு முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள், அவள் மகளையும் சேர்த்து. ஊஞ்சல் வாசலருகே, மணல்குழி கிழக்கே, ஒளிந்து விளையாடப் புதர் சுவரோரம் என்று எல்லாம் பொருந்திவந்தன. சறுக்குமரம்தான் இழுபறி. எல்லாருக்கும் வேண்டும், ஆனால் ஆளுக்கொரு மூலையில். மனையின் நடுவே ஒரு வட்டம் மட்டும் முப்பத்தொரு தாளிலும் ஒரு புள்ளிகூட விழாமல் கிடந்தது. ‘அட, இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே’ என்று சறுக்குமரத்தை அங்கே வைத்துவிட்டாள். முப்பத்தொரு பேர் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தை ஏன் விட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை.

பூங்காவைத் திறந்த முதல் வாரத்திலேயே காவலாளி வந்து நின்றான்.

“அக்கா, கூட்டம் அள்ளுது. ஆனா சறுக்குமரத்துல ஒரு பிள்ளைகூட ஏறல.”

அவள் போய்ப் பார்த்தாள். ஊஞ்சலில் சண்டை, மணலில் கூச்சல். சறுக்குமரம் புதுப் பெயின்ட் மினுங்க அம்போவென்று நின்றது. ஓடிப்பிடித்து விளையாடுகிறவர்கள் அதன் அருகே வந்ததும் வளைந்து ஓடினார்கள். வழியில் யாரோ நிற்பதுபோல, ஒரே அளவு விலகி. வளையும்போது கத்துவதையும் நிறுத்திக்கொண்டார்கள். 

உயரமான பெண் ஒருத்தியைப் பிடித்துக் கேட்டாள்.

“ஏன்மா, சறுக்குமரம் பிடிக்கலையா?”

“பிடிக்கும்க்கா. வேற எங்கயாவது வச்சிருக்கலாம்.” அவ்வளவுதான், ஓடிவிட்டாள்.

அடுத்த நாள் பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. பூங்காப் பிரிவின் பொறியாளர் அவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளைங்களே வடிவமைச்ச பூங்கான்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. காலியான சறுக்குமரத்தையா படம் பிடிப்பாங்க? உன் பொண்ணைக் கூட்டிட்டு வா. ஒருத்தி ஏறினா மத்ததுங்க தானா ஏறும். இல்லைன்னா உன் வேலையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

மறுநாள் காலை கேமரா தயாராக நின்றது. மற்ற பிள்ளைகள் சுவரோரமாக ஒதுங்கிவிட்டார்கள். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை.

“ஏறு கண்ணு. அம்மா இருக்கேன்ல?”

“நான் ஏறலைன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களாம்மா?”

அவள் குழந்தையின் பாதத்துக்குக் கீழே கையைக் கொடுத்து ஏற்றிவிட்டாள். ஒரு படி. இரண்டு. மூன்றாவது படியில் அந்தப் பாதம் ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. குழந்தை மேலே பார்க்காமல் கண்ணை இறுக மூடி, “சாரி, சாரி” என்று யாரிடமோ முணுமுணுத்தது.

அவள் மகளைத் தூக்கி இறக்கிவிட்டாள். “எனக்கு இந்த வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். கேமராக்காரன் வாய் பிளந்தான்.

பொறியாளர் சாமானியப்பட்டவரா? பத்திரிகைக்காரர்களிடமிருந்து கேள்வி வந்துவிட்டதே என்று சறுக்குமரத்தைக் கழற்றி அந்த இடத்தைத் தோண்டச் சொன்னார். பழைய கிணறோ தொட்டியோ இருந்தால் பழியை நில அளவைப் பிரிவின் தலையில் கட்டிவிடலாமே! ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார்கள். மண், இன்னும் மண். கிணறுமில்லை, எலும்புமில்லை. அலுவலகமே சிரித்தது. சாயங்காலம் வேலைநீக்க ஓலை கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“திட்டினாங்களாம்மா?”

“திட்டினாங்க. கிடக்கிறாங்க விடு. அவ்வளவு ஆழம் தோண்டியும் உள்ள ஒண்ணுமே இல்லடி.”

மகள் பென்சிலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“உள்ள எதுக்கும்மா தோண்டினீங்க? அது மேலதான நிக்குது.”

அவளுக்கு அந்த ஏணி நினைவுக்கு வந்தது. மூன்று படி, மூன்றையும் தன் கையால்தான் ஏற்றிவிட்டிருக்கிறாள். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. குழந்தையை இழுத்து மடியில் போட்டு, அந்த இரண்டு பாதங்களையும் சூடேறும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.