சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற வீடு

இந்த இங்கிலாந்துக் கிராமத்தின் தேவாலயத்தைப் பகலில் பூட்டுவதே இல்லை. எண்ணூறு வருஷத்துக் கட்டடம். உள்ளே ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். மதுரைக்காரனுக்கு இது லேசில் பிடிபடாது. அம்மன் சன்னிதியில் பின்னால் நிற்பவரின் முழங்கை விலாவில் இடிக்க, ஒரு கணம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து விழுகிற ஆள் நான். இங்கே சாமியும் நானும் மட்டும் தனியாக இருக்கக் கூச்சமாகவே இருந்தது. ஆனால் அந்த வவ்வால் நாற்றம் இருக்கிறதே, அது அசல் நம் ஊர்க் கோயில் இருட்டு மண்டபத்து நாற்றம். அதற்காகவே சனிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தேன். வேறு போக்கிடமும் இல்லை.

மார்கரெட் பழக்கமானது அங்கேதான். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்களில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். வவ்வாலை விரட்டினால் இந்த நாட்டில் குற்றமாம், ஆகவே எச்சத்தைக் கூட்டுவது ஒன்றே வழி என்றார். நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். கூட்டிக்கொண்டே கதை சொல்வார். வடக்குச் சுவரில், குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் ஒரு புனிதரின் படம், காவியும் கரியுமாக மங்கிக் கிடக்கிறது. படமெல்லாம் கூடாதென்று ஒரு ராஜா காலத்தில் உத்தரவு வந்து, சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்களாம். பல தலைமுறை கழித்துப் பூச்சு உதிர்ந்தபோது முதலில் ஒரு பாதம் தெரிந்ததாம். "பூசியவர் சோம்பேறி. அவருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்" என்று சிரித்தார். வேலை விஷயம் தவிர்த்து நான் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

வசந்தத்தில் மார்கரெட்டின் கணவர் இறந்துபோனார். அதே தேவாலயத்தில் அடக்க ஆராதனை. கோபுரத்து மணி விட்டு விட்டு ஒலித்தது. பிறகு அவர் வீட்டில் தேநீர். எல்லோரும் கோப்பையைப் பிடித்தபடி பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். எனக்குத் தெரிந்தது நம் முறைதான். இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்ட வேண்டும். 'போயிட்டு வாரேன்' என்ற சொல் அந்த வாசலில் ஆகாது; அப்படி ஒரு வருகை மறுபடி வேண்டாம் என்றுதான். அப்படியே உட்கார்ந்தேன், அப்படியே கிளம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தனியாகக் கூட்டினேன். இருந்த ஒரு மனுஷியும் போய்விட்டாளே என்று பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள் வந்தார், முகம் கொடுக்கவில்லை. பாதி கூட்டியபிறகு சொன்னார்: "எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். உங்களைத் தேடினேன்."

தட்டுத்தடுமாறி முறையை விளக்கினேன். துடைப்பத்தில் சாய்ந்து கேட்டார்.

"அப்படியானால் அது மரியாதையா?"

"மரியாதைதான்."

"உங்கள் வீட்டுக்குக் கடைசியாக யாருக்காக அப்படி வந்தார்கள்?"

அம்மாவுக்கு. போன வருஷம் என்றேன். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்ததால் ஊருக்குக் கிளம்ப முடியவில்லை. விளாங்குடி வீட்டைப் போனில்தான் பார்த்தேன். தம்பி பாண்டி கூட்டத்தைக் காட்டி அழுதான். "ஆரப்பாளையம், தல்லாகுளம்னு எங்கிட்டிருந்தெல்லாமோ சனம் வந்துருக்குண்ணே. அம்புட்டுப் பேரும் ஒன்னையத்தான் கேக்குறாய்ங்க. ஒக்கார எடமில்ல."

"இங்கே உங்களிடம் யார் வந்தார்கள்?" என்றார் மார்கரெட்.

"யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன்."

அவர் கூட்டி முடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை என் அறைக் கதவு தட்டப்பட்டது. மார்கரெட், கறுப்புக் கோட்டில். 'வாங்க' என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். துட்டிக்கு வருகிறவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. உள்ளே வந்து இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கட்டிலில். அவர் ஆறுதல் சொல்லவில்லை, இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் இழுக்கிற மழையைப் பற்றியும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. பாண்டி முன்னால்கூட அடக்கி வைத்திருந்த அழுகை, வெட்கமில்லாமல் வந்தது. என் கையையும் அவர் பிடிக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு எழுந்தார். ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். வழியனுப்ப நானும் எழுந்திருக்கவில்லை.

விளாங்குடியில் அம்மாவுக்குக் கருமாதி முடிந்து, வருஷத் திதியும் கொடுத்துவிட்டார்கள். இந்த அறையில் அன்றைக்குத்தான் அம்மா செத்துப்போனாள்.