கை கழுவக் கற்றுக்கொடுத்த கெமிஸ்ட்ரி

கோபப்படாதீர்கள், பி.பி. ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, கல்லூரி மீட்டிங்குக்கா போகிறார்?

போன மாதம், பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கெமிஸ்ட்ரி மாணவர்கள், அரியலூர் ரோட்டில் ஒரு கிராமத்தில் முகாம் போட்டார்கள். நான் சிறப்பு விருந்தினர். பேனர், தொப்பி, டிரோன் கேமரா... கை கழுவுவது எப்படி என்று செய்துகாட்டுவதற்குத் தண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள். குழாயில் எப்போதோ வருகிற போர் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார் செல்வி. பருத்திக் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். ஒரு குடம் கொடுத்தார்.

குடம் காலியானதும் தன் மகளைக் கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை. பல்லெல்லாம் பழுப்புக் கறை.

"நீங்கல்லாம் கெமிஸ்ட்ரி படிக்கிறவங்கதான? இந்தத் தண்ணிய புள்ளைக்குக் குடுக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். ஆமாம், நானும்தான்.

போன வாரம் அதே கல்லூரியில் பாடத்திட்டக் கூட்டம். வெளியாள் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி. இனி ஊருக்குச் சேவை செய்வதும் பாடத்தில் சேருமாம், மார்க் உண்டாம். எந்த வழியில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

பழையபடி ஒரு நாள் முகாம் போதும் என்றார்கள் பலர். வளர்மதி என்ற இளம் பேராசிரியை வேறு வழி சொன்னார். அந்த ஊர்த் தண்ணீரை செமஸ்டர் முழுக்க நம் லேபில் மாணவர்களே பரிசோதிக்கட்டும். சிலபஸில் இருக்கிற பாடம்தானே? ரிசல்ட்டை அவர்களே ஊரில் போய்ச் சொல்லட்டும்.

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது. துறைத் தலைவர் சிரித்தார்.

"டெஸ்ட் பண்ணிடலாம்மா. தண்ணி மோசம்னு வந்துட்டா? ஊரே வந்து நம்ம கேட்ல நிக்கும். யாரு பதில் சொல்றது?"

பதில் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிற சயின்ஸ் டிபார்ட்மென்ட்டை அன்றுதான் பார்த்தேன்! தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமென்றால், அந்தப் பிள்ளைக்குக் கறை பல்லோடு நிற்குமா, எலும்புக்கும் இறங்குமா? தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே ஐயா லேப்?

செல்வி கேட்டதைச் சொன்னேன். பஞ்சாயத்தில் மனு கொடுக்கட்டும் என்றார் துறைத் தலைவர். கைகழுவி விடுவதில் இவ்வளவு தேர்ந்தவர்கள் அதற்குத் தனியாக முகாம் வேறு நடத்துகிறார்கள்... கத்திவிட்டேன். 'உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள்.

முகாம்தான் என்று முடிவாயிற்று. எதிர்த்தது வளர்மதியும் நானும் மட்டும்.

கத்தியதில் தொண்டை வறண்டுபோய்த் தண்ணீர் கேட்டேன். சீல் உடைக்காத பாட்டில் வந்தது... பின்னே, டெஸ்ட் பண்ணாத தண்ணீரை நாங்கள் குடிப்போமா, என்ன?